நாலு பத்துக்கு அனுப்பிய மெயில்

அவர்கள் குழுவாகச் சேர்ந்து உருவாக்கும் லினக்ஸ் இயங்குதளத்தின் அடுத்த வெளியீட்டில் மாற்றங்களைச் சேர்க்க மறுநாள்தான் கடைசி. அதற்குப் பிறகு எதையும் தொட விடமாட்டார்கள். மெயில் சர்வர் மென்பொருளின் புதிய பதிப்பைச் சேர்ப்பதா, பழையதையே விடுவதா என்று நோரீன் மூன்று நாட்களாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். பழையதே போதுமென்றால், புதியதை எழுதிய டெஸ்மண்டின் ஆறு மாத உழைப்பு அடுத்த வாய்ப்புக்கு இன்னும் இரண்டு வருஷம் காத்துக் கிடக்கும்.

மதியம் இரண்டே முக்காலுக்கு ஹாலிஃபாக்ஸிலிருந்து டெஸ்மண்டே கூப்பிட்டான்.

“வேண்டாம்னு எழுதிட்டியே நோரீன். கொஞ்சம் பதமா சொல்லியிருக்கலாம்.”

“நான் இன்னும் முடிவே பண்ணலப்பா. எதுவும் அனுப்பல.”

“காலைலயே வந்துடுச்சு. சோதிச்சுப் பாக்கப் புதுப் பதிப்பைப் போட்டு வச்சிருக்கேன்ல, அந்த சர்வர்ல. அனுப்பின நேரம் மட்டும் உன் ஊர்க் கணக்குல இன்னிக்கு சாயந்திரம் நாலு பத்துன்னு காட்டுது.”

“கடிகாரத்தைப் பாரு.”

“பாத்துட்டேன். சரியாத்தான் ஓடுது.”

“என்ன எழுதியிருக்கேன்?”

அவன் வாசித்தான். “பழையதே இருக்கட்டும் டெஸ். புதுசுல ஒரே ஒரு குறைதான். சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.”

நோரீன் குறைகளைப் பதியும் படிவத்தைத் திறந்தாள். ‘இந்தக் குறையை மறுபடி வரவழைப்பது எப்படி?’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. காலியாகவே மூடினாள்.

நாலு மணிக்கு மேல் மெயிலைத் திறந்து அந்த மூன்று வரிகளையும் தட்டினாள். அவன் முகம் நினைவுக்கு வந்தது. கடைசியில், ‘உன் உழைப்பு எனக்குத் தெரியும், மன்னிச்சுக்கோ’ என்று சேர்த்தாள்.

அனுப்பும் பொத்தானை அவள் இன்னும் தொடவில்லை. அதற்குள் டெஸ்மண்டின் பதில் வந்திருந்தது.

‘இப்ப பதமா இருக்கு.’