இறங்காத கை

பள்ளிக்கூட முனையில் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடும் விசில் மாமாவிடம் விசிலே கிடையாது. வலது கையைத் தூக்குவார், அவ்வளவுதான். கடைசிப் பிள்ளை எதிர்ப்புறம் ஏறும்வரை அந்தக் கை இறங்காது. சம்பளமில்லாத வேலைக்கு இத்தனை கறாரா என்று பேருந்து ஓட்டுநர் பல நாள் பல்லைக் கடித்திருக்கிறார்.

சனிக்கிழமை காலை செருப்பு மாட்டக் குனிந்த விசில் மாமா நிமிரவே இல்லை. மறுநாள் அடக்கத்துக்கு ஓட்டுநரும் போயிருந்தார்.

திங்கட்கிழமை அந்த முனையில் அவர் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டார். எதிரே ஒரு லாரியும் நின்றது. வெளியூர் வண்டி, இந்தப் பக்கம் வந்ததே இல்லை. பிள்ளைகள் கடந்து முடித்தார்கள். லாரி மட்டும் நகரவில்லை.

கியரில் கை வைத்தபடி ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டினார். “அதான் எல்லாரும் போயிட்டாங்களே தம்பி, வண்டிய எடுங்க.”

“எப்படிண்ணே எடுக்கிறது? பெரியவரு இன்னும் கையை இறக்கலையே.”

ஓட்டுநர் வெறும் சாலையைப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார். பின்னால் ஹாரன்கள் அலறின.

அப்போது சந்திலிருந்து ஒரு சிறுமி பையை அணைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாராமல் ஓடிவந்து சாலையைக் கடந்தாள். எதிர்ப்புறம் ஏறினாள்.

அதற்குப் பிறகுதான் லாரி கிளம்பியது.