ஓவியாவுக்கு ஹானர்ஸ் இல்லை

"ஜூரியில நம்ம தமிழம்மா ஒருத்தங்க இருந்தும், எம் பொண்ணுக்கு ஹானர்ஸ் தரலீங்க."

திருமூர்த்தி இதைக் குபெர்டினோவில் தெரிந்தவர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

அவர் மகள் ஓவியா, சான் பிரான்சிஸ்கோவில் ஓப்பரா பாட்டில் மாஸ்டர்ஸ் முடிக்கிறாள். கடைசி ப்ராஜெக்டாக, மார்க் போடும் மூன்று பேர் ஜூரி முன்னால் ஒரு காட்சியைப் பாடி நடித்துக் காட்ட வேண்டும். கூடப் பாடியவன் மார்செலோ என்ற பிரேசில் பையன். பாதியில் இருவர் பாட்டும் முட்டிக்கொண்டு நின்றது. ஓவியா ஜூரியிடம் ஸாரி சொல்லி, மறுபடி ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான். ஹானர்ஸ் போச்சு.

"என் மிஸ்டேக்தான்ப்பா. லீவ் இட்" என்றாள் ஓவியா.

அவரால் விட முடியவில்லை. அவள் கராஜில் பாடிப் பாடி, அந்த இத்தாலியப் பாட்டு அர்த்தம் தெரியாமலே அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. அவள் அந்த இடத்தில் தப்புப் பண்ணவே மாட்டாள். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, ஜூரியில் இருந்த அனந்தலக்ஷ்மியைப் பார்க்கக் காரை எடுத்தார்.

அந்த அம்மாள் அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை.

"ஓவியா தப்புப் பண்ணலை. அந்தப் பையன்தான் ஒரு பக்கத்தை விட்டுட்டுத் தாவிட்டான். நாங்க மூணு பேருமே கவனிச்சோம்."

"தெரிஞ்சுமா மார்க்கைக் குறைச்சீங்க?"

பாட்டு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டுக் கேட்டதாக அனந்தலக்ஷ்மி சொன்னார். திரும்பவும் கேட்டார்களாம். இரண்டு தடவையும் தன் தப்புதான் என்றாளாம். மார்செலோவுக்கு ஏற்கெனவே ஒரு வார்னிங் இருக்கிறது. இதுவும் சேர்ந்தால் ஸ்காலர்ஷிப் போகும். ஸ்காலர்ஷிப் போனால் விசா போகும்.

"அவ சொன்னதையே எழுதிட்டோம். நீங்க அப்பீல் பண்ணலாம் சார். பண்ணினா நான் பார்த்ததைச் சொல்லியே ஆகணும். ஓவியாவுக்கு ஹானர்ஸ் கிடைச்சுடும்."

திருமூர்த்தி எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். வழியெல்லாம் ரேடியோகூடப் போடவில்லை.

சனிக்கிழமை சான் ரமோனில் நண்பர் பசுபதி வீட்டில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்து. ஓவியாவும் வந்திருந்தாள். சாப்பாட்டுத் தட்டோடு எல்லாரும் இந்தப் பேச்சையே எடுத்தார்கள். இந்தியர் என்றால் இப்படித்தான் ஓரம்கட்டுவார்கள் என்றார் ஒருவர். அந்தத் தமிழம்மாவுக்குப் பொறாமை என்றார் இன்னொருவர்.

"அப்பீல் போடுங்க திருமூர்த்தி. லாயர் நான் பார்த்துத் தரேன்" என்றார் பசுபதி.

ஓவியா அப்பாவைப் பார்த்தாள்.

திருமூர்த்தி தட்டில் இன்னும் கொஞ்சம் தயிர் சாதம் போட்டுக்கொண்டார்.

"வேண்டாம் பசுபதி. நேர்ல போய் விசாரிச்சுட்டேன். எம் பொண்ணுதான் சொதப்பியிருக்கா."