நல்லா அழுத்தி உட்காரு

“நல்லா அழுத்தி உட்காரு பிளஸ்ஸி. முதுக சாய்ச்சு உட்காரு.”

காரின் முன்சீட்டில் பிளஸ்ஸி சாய்ந்து உட்கார்ந்தாள். டாஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு அணையவில்லை. இந்தச் சீட்டுக்கு ஏர்பேக் விரியாது என்று சொல்கிற விளக்கு.

டெனிஸுக்கு எரிச்சலாக வந்தது. ஏர்பேக் ரிப்பேர் என்றால் மேடவாக்கத்திலிருந்தும் பொத்தேரியிலிருந்தும் தேடிக்கொண்டு கேம்ப் ரோட்டிலுள்ள அவன் கடைக்கு வருவார்கள். அவனுடைய சொந்த வண்டியிலேயே இப்படி.

போன வருடம் செகண்ட்ஹேண்டில் வாங்கியபோது சரியாகத்தான் இருந்தது. பிளஸ்ஸி ஏறி உட்கார்ந்ததும் விளக்கு அணைந்துவிடும். கொஞ்ச நாளாகத்தான் இந்தத் தொல்லை. வேறு யார் உட்கார்ந்தாலும் அணைகிறது. அவன் மனைவி பிளஸ்ஸி உட்கார்ந்தால் மட்டும் எரிகிறது.

சீட்டுக்கு அடியில் எடை பார்க்கும் சென்சார் ஒன்று உண்டு. சீட் காலியாக இருந்தாலோ, குழந்தை உட்கார்ந்திருந்தாலோ, வண்டி மோதும்போது ஏர்பேக் விரியக் கூடாது. அந்த வேகத்தைக் குழந்தையின் கழுத்து தாங்காது. பெரியவர்கள் உட்கார்ந்தால்தான் விளக்கு அணையும்.

சென்சார்தான் போய்விட்டது என்று முடிவு கட்டியிருந்தான். பக்கத்துக் கடையில் சீட் கவர் தைக்கிற தனக்கோடி அக்கா வந்து கவரை உரித்துக் கொடுத்தாள். வேறொரு வண்டியில் கழற்றி வைத்திருந்த நல்ல சென்சாரைப் போட்டான். ஸ்கேனரில் ஒரு கோளாறும் காட்டவில்லை.

பிளஸ்ஸி டீச்சராக இருக்கும் நர்சரி ஸ்கூலுக்கு லீவு என்பதால் அவளை வரச்சொல்லி உட்கார வைத்தான். விளக்கு எரிந்தது.

அவள் மெதுவாகத் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“பைய எடு. நீ உட்கார்ற விதமே சரியில்ல. இறங்கு.”

இறங்கினாள். வெயிலுக்கு ஒதுங்கிச் சுவரோரமாக நின்றாள்.

கடையில் இருந்த தண்ணீர் கேனைத் தூக்கிவந்து சீட்டில் வைத்தான் டெனிஸ். இருபது லிட்டர். விளக்கு எரிந்தது. அது சரி, ஒரு கேன் என்பது குழந்தையின் எடைதான்.

இன்னொரு கேனையும் தூக்கி அதன்மேல் வைத்தான். நாற்பது கிலோ.

விளக்கு அணைந்தது.

இரண்டு கேனையும் இறக்கிவிட்டு, மறுபடியும் ஏற்றிப் பார்த்தான். மறுபடியும் அணைந்தது. சென்சாரில் ஒன்றும் இல்லை. வயரில் ஒன்றும் இல்லை.

அப்புறம்தான் அவன் திரும்பிப் பிளஸ்ஸியைப் பார்த்தான்.

சுடிதார் ஒரு பக்கம் தோளிலிருந்து நழுவியிருந்தது. கல்யாண மோதிரம் கழன்று விழாமல் இருக்க அதில் நூலைச் சுற்றி வைத்திருந்தாள். எப்போது சுற்றினாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

“அப்ப வண்டில ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தது அவள் குரல். “என்னாலதான் எரியுதா?”

டெனிஸ் கேன்களை இறக்கி வைத்தான். கையைத் துடைத்தான். துடைத்த கையையே திரும்பத் துடைத்தான்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம், வா” என்று சொல்லிவிட்டுக் கடை ஷட்டரை இழுத்தான்.

சத்தம் கேட்டுத் தனக்கோடி அக்கா வெளியே வந்தாள்.

“இன்னாடா டெனிஸு, சனிக்கிழம அதுவுமா கடைய மூடிகினு போற?”

“இவளுக்கு ஒடம்பு சரியில்லக்கா.”

அக்கா நேராகப் போய்ப் பிளஸ்ஸியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அவளுடைய விரல்கள் ஒரு சுற்று சுற்றி, அதற்குமேலும் போயின.

“இன்னாம்மா இது, வெறும் எலும்புதான் கீது! வூட்டுக்காரன்கிட்ட சொல்லலியா நீ?”

“சொல்லலக்கா” என்றாள் பிளஸ்ஸி. “தானா சரியாயிடும்னு விட்டுட்டேன்.”

“அதான பாத்தேன். சொல்லியிருந்தா இவன் சும்மா வுட்டிருப்பானா? தங்கமான புள்ளயாச்சே.”

சாப்பாடு இறங்க மாட்டேங்குது, தொண்டையிலேயே நிக்குது என்று ஈஸ்டருக்கு முன்பே பிளஸ்ஸி அவனிடம் சொல்லியிருந்தாள். தவக்காலம்தானே, ஒருசந்தி உபவாசம் இருக்கிறதா நெனச்சுக்கோ என்றான். அப்புறம், பெரும்பாக்கத்தில் அவன் தங்கை வீட்டுக்குப் போகும் வழியில், இதே வண்டியில் மறுபடியும் சொன்னாள். ரொம்ப இளைச்சுட்டேங்க, பயமா இருக்கு என்றாள். முன்னால் போன தண்ணி லாரியைத் தாண்டிக்கொண்டே அவன் சிரித்தான். “நல்லதுதான! கல்யாண பிளவுஸ் இப்ப கரெக்டா இருக்கும்.” அவளும் கூடச் சிரித்தாள்.

தனக்கோடி அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிளஸ்ஸி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாக்கா, சொல்லவே இல்ல” என்றான் டெனிஸ்.