டாக்டர் பிழைத்த கதை

"யாராவது ஏதாவது சொல்லியிருக்காங்களா?" அவர் நகத்தைக் கடித்தார்.

டிவி தொடரில் போன வாரம் செத்துப்போன டாக்டரைப் பிழைக்க வைத்து, ஒரே அத்தியாயத்தில் ரசிகர் கதை எழுதி, புனைபெயரில் இணையத்தில் போட்டிருந்தார். ரசிகர் கதை எழுதுவது இதுதான் முதல் தடவை.

மனைவி செல்போனைப் பார்த்தாள். "ஒருத்தர் எழுதியிருக்கார். கோவிச்சுக்கக் கூடாது."

"படி."

"'புதுசா எழுதுறீங்க போல. அந்த டாக்டர் இப்படிப் பேசவே மாட்டார். முதல்ல தொடரை ஒழுங்கா பாருங்க.'"

அவர் முகம் தொங்கிப்போனது. அதற்குள் போன் அடித்தது. தயாரிப்பாளர்.

"ரைட்டர் சார், டாக்டரை நீங்க சாகடிச்ச எபிசோடு பிரமாதம்! அவர் சம்சாரத்தையும் முடிச்சிடச் சொல்லுது சேனல். நாளைக்கே வசனம் வேணும்."

"சரி சார்" என்று வைத்தவர், மனைவியிடம் திரும்பினார்.

"என் கதையைத் திற. அந்தம்மாவையும் இங்க கூட்டிட்டு வந்துடலாம்."