ஆயிரம் மர ஒப்பந்தம்

கடல் தாண்டிய தேசத்துக்கு ஆயிரம் மரங்களை வெட்டி அனுப்பும் ஒப்பந்தம் ஒன்று காட்டுச் சபைக்கு வந்தது. அதை ஆராய்ந்து சொல்ல யானையின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார்கள். முயலும் இருவாட்சிப் பறவையும் அதில் உறுப்பினர்கள்.

பக்கம் பக்கமாகப் படித்ததில் குறை ஒன்றும் தெரியவில்லை. யானை ஒப்புதல் தரப்போன நேரத்தில் முயல், "தலைவரே, ஒரு மரத்தையாவது நேரில் பார்த்துவிட்டு வரலாமே" என்றது.

"மரம் பார்க்காதவனா நான்? தினமும் அதில்தானே முதுகு தேய்க்கிறேன்" என்று முனகிக்கொண்டே யானை கிளம்பியது.

பட்டியலின் முதல் மரம் நடுக்காட்டில் நின்றது. அதை ஒருமுறை சுற்றி வருவதற்குள் யானைக்கே மூச்சு வாங்கியது. அண்ணாந்து பார்த்தால் உச்சி தெரியவில்லை. தான் போய்ப் பார்த்து வருவதாகச் சொல்லி இருவாட்சி மேலே பறந்தது.

நெடுநேரம் கழித்து நனைந்த சிறகுகளோடு இறங்கி வந்தது.

"மேலே மழை பெய்கிறது, தலைவரே."

கீழே ஒரு சொட்டுகூட விழவில்லை.

"உச்சி வரைக்கும் போனீர்களா?" என்று யானை கேட்டது.

"பாதிகூடப் போகவில்லை. வழியில் ஒரு பொந்து, அதற்குள் குளம்போலத் தண்ணீர். அங்கேயே பிறந்து வளர்ந்த தவளைகள் இருக்கின்றன. மரத்தை வெட்டப் போகிறார்கள் என்று அவற்றிடம் சொன்னேன். 'மரமா, அது எங்கே இருக்கிறது?' என்று கேட்டன."

யானையின் காதுகள் அசையாமல் நின்றன. பிறகு அது ஒப்பந்தத்தை முயலிடம் நீட்டி, "சபைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்" என்றது.

"காரணம் என்னவென்று எழுத, தலைவரே?"

"குழு இன்னும் முதல் மரத்தையே பார்த்து முடிக்கவில்லை என்று எழுதுங்கள்."