மூன்றாவது பாட்டில்

மூன்றாவது பாட்டில் மட்டும் நிறைந்துவிடக் கூடாது. அவனுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

படகின் அடித்தட்டில், இன்ஜினுக்குப் பக்கத்தில், ஒரு கம்பியில் நான்கு பிளாஸ்டிக் பாட்டில்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் மார்க்கரால் எண் எழுதியிருந்தது.

முந்தின நாள் இந்தப் படகு நட்டாற்றில் நின்றுபோனது, அதுவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு. பாலத்துத் தூணில் மோத இருந்ததைக் கழியை ஊன்றித் தள்ளித் தள்ளித்தான் கரை சேர்த்திருக்கிறார்கள்.

படகுக்குச் சொந்தக்காரர் படியில் உட்கார்ந்திருந்தார். வைத்திருப்பது என்னவோ இந்த ஒரே ஒரு படகுதான், ஆனாலும் கரையில் எல்லாருக்கும் அவர் கப்பல்காரர். இன்றைக்கு அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"எந்தப் பாட்டில் நிறையுதோ, அதுக்கு வேலை பார்த்த கை இனி என் படகுல படக்கூடாது," என்று வந்ததுமே சொல்லிவிட்டார்.

இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனைதான் இன்ஜெக்டர். அதற்குப் போகிற டீசலில் எரிந்தது போக மிச்சம், ரிட்டர்ன் குழாய் வழியாக டாங்கிக்கே திரும்பும். நல்ல இன்ஜெக்டர் கொஞ்சமாகத்தான் திருப்பும். கெட்டுப்போனது வாங்கியதையெல்லாம் அப்படியே திருப்பிக் கொட்டிவிடும், இன்ஜின் பட்டினியால் நின்றுவிடும். அந்த மிச்சத்தை டாங்கிக்கு விடாமல் தனித்தனிப் பாட்டிலில் பிடித்தால் திருடன் அகப்பட்டுக்கொள்வான்.

போன மாதம் இந்த இன்ஜினின் நான்கு இன்ஜெக்டர்களையும் பிரித்துப் பார்த்தவர்கள் அக்காவும் அவனும். ஒன்று, இரண்டு, நான்கு அக்காவுடைய வேலை. "மூணாவது முழுக்க என் தம்பி பார்த்தது," என்று அன்றைக்கு அவள்தான் கப்பல்காரரிடம் பெருமையாகச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா!

அவன் அதைப் பார்த்த லட்சணம் அவனுக்கல்லவா தெரியும். இன்ஜெக்டர் மூடியை அளவு பார்த்து இறுக்குவதற்கென்றே ஒரு ஸ்பேனர் உண்டு. அதைத் தேடச் சோம்பல்பட்டு, கைக்கணக்கில் இறுக்கிவிட்டுச் சாப்பிடப் போனவன் அவன்.

நாற்பதை நெருங்குகிறவன். எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. அந்தக் கோபத்தில்தான் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள். அக்காவின் பட்டறையில் அவன் ஒழுங்காக இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, இப்போதுதான் மனமிறங்கி அடுத்த வாரம் வருகிறேன் என்றிருக்கிறாள். பட்டறைக்குச் சோறு போடுவதே இந்தப் படகு வேலைதான். இதுவும் போனால் அவள் எங்கே வரப்போகிறாள்?

அவன் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் அக்காவே குழாய்களை மாட்டி முடித்திருந்தாள். அவனைப் பார்க்கவில்லை. சாவியைத் திருப்பினாள்.

இன்ஜின் இருமிக்கொண்டு கிளம்பியது.

அவனுக்குப் பாட்டில்களைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

முதலாவதில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. நான்காவதிலும் அப்படித்தான்.

மூன்றாவதின் குழாய் முனையில் ஒரு துளி திரண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. விழுந்தது. அடுத்ததற்குக் காத்திருந்தான். வெகுநேரம் கழித்து இன்னொன்று.

கப்பல்காரர் எழுந்து வந்து குனிந்தார். அவர் விரல் இரண்டாவது பாட்டிலைத் தட்டியது. அதில் டீசல் நூல் பிடித்தாற்போல இறங்கிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் ஏறிவிட்டிருந்தது.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருந்திருக்கலாம். நாக்கு எங்கே சும்மா இருந்தது?

"என்னக்கா, கைக்கணக்குல இறுக்கிட்டியா?"

அக்கா இன்ஜினை நிறுத்தினாள். ஒரு கணம் அவனையே பார்த்தாள்.

"இருக்கும்," என்றாள்.

கப்பல்காரர் பெருமூச்சு விட்டார். "உங்கிட்ட இதை நான் எதிர்பார்க்கலம்மா. சொன்னா சொன்னதுதான், இனிமே நீ இதுல ஏற வேணாம். உன் தம்பியே பார்த்துக்கட்டும்."

"நான் பார்த்துக்கறேங்க," என்றான் அவன். ஒரு பேச்சுக்குக்கூட அக்காவுக்காக வாய் திறக்கத் தோன்றவில்லை.

அவர் கரைக்கு இறங்கிப் போனார். பாவமாகத்தான் இருந்தது அவனுக்கு. ஆனால் உள்ளுக்குள் குஷி, பொய் சொல்வானேன். பிறந்ததிலிருந்து தவறு செய்கிறவன் அவன், திருத்துகிறவள் அவள். இன்றைக்கு முதல்தடவையாக அவள் சறுக்கினாள், அவன் நிமிர்ந்து நின்றான். அந்த மிதப்பிலேயே ஸ்பேனரை எடுத்து இரண்டாவது இன்ஜெக்டரில் வைத்தான்.

"மூணாவதைக் கழட்டு."

"ரெண்டாவதுதானேக்கா?"

அவள் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் இரண்டாவது பாட்டிலிலிருந்து குழாயோடு விரலை ஓட்டினான். இன்ஜினுக்குப் பின்னால் நான்கு குழாய்களும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்தன. விரல் அந்தக் கட்டுக்குள் நுழைந்து, ஒரு குழாயின் அடியில் புகுந்து, மறுபக்கம் வந்து மேலே ஏறியது.

மூன்றாவது இன்ஜெக்டரில் போய் நின்றது.

சாவியைத் திருப்புவதற்கு முன்பே, ஒரு சொட்டுகூட விழுவதற்கு முன்பே, அவன் எப்படி இறுக்கியிருப்பான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அவனுக்குக் காது மடல்வரை எரிந்தது. "அக்கா" என்று கூப்பிடத் திரும்பினான்.

அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, படகைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தாள்.