எட்டு கிலோ

ஜோதிகா கடைசியாக வீட்டு வாசலைத் தாண்டி வந்தது அக்காள்மடத்து அங்கன்வாடிக்குத்தான். பாப்பாவைத் தராசில் வைத்துவிட்டு, "பாருங்க டீச்சர், எங்கய்யா மாதிரியே மூஞ்சியை உம்முன்னு வச்சிருக்கா" என்று சிரித்தாள். மறுநாள் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து அதே தராசின் முன்னால் அவள் புருஷன் வீரமணி நின்றான். இடுப்பில் பதினோரு மாதக் கவிப்ரியா. எதிர்ப் பெஞ்சில் அந்த உம்மென்ற மூஞ்சிக்குச் சொந்தக்காரரான மாமனார் இருளாண்டி. அவர் காலடியில், பாப்பாவின் துணிமணியை அள்ளிக்கொண்டு போக ஒரு பெரிய காலிப் பை.

"எட்டு கிலோ இருந்தா புள்ளை அப்பன்கிட்ட இருக்கட்டும். ஒரு பொட்டு குறைஞ்சாலும் கையோட தூக்கிட்டு வந்துருங்க" என்று பரமக்குடியிலிருந்து மாமியார் சொல்லி அனுப்பியிருந்தாள். வலை இழுக்கிற கைக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்பது அவள் கட்சி.

இருளாண்டி பரமக்குடியில் தையல்கடை வைத்திருப்பவர். நேற்றுச் சாயங்காலமே வந்துவிட்டார். வீட்டுக்குள் வந்து ஒரு வாய் டீ குடிக்கவில்லை. வாசலில் வலை போட்டிருந்த கொட்டகையிலேயே ஒதுங்கிக்கொண்டார். காலையில், தான் தைத்துக் கொண்டுவந்த புதுக் கவுனைப் பேத்திக்கு மாட்டிவிட்டதோடு சரி.

"கவுனைக் கழட்டிருங்கண்ணே" என்றார் அங்கன்வாடி டீச்சர் பூமயில்.

"இருக்கட்டும்மா. கடக்காத்து அடிக்குது, புள்ளைக்குச் சளி பிடிக்கும்." வந்ததிலிருந்து இருளாண்டி முழுசாகப் பேசியது இதுதான்.

முள் ஆடி ஆடி நின்றது. சரியாக எட்டு கிலோ.

வீரமணிக்கு மூச்சு வந்தது. பூமயிலுக்கும் சந்தோஷம். "சும்மாவா? கஞ்சி ஒரு வாய், கதை ஒரு வாய்னு அண்ணன் மடியில வச்சு ஊட்டுறதை நான்தான் தெனமும் பாக்குறேனே. எம் புருஷன் நாலு புள்ளை பெத்தாரு, ஒண்ணுக்காச்சும் மூக்குத் தொடைச்சு விட்டிருப்பாரா?" என்று சொல்லிக்கொண்டே பாப்பாவைத் தூக்கி மேஜையில் உட்கார வைத்தார்.

'டக்' என்றது.

பூமயில் கவுனின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். கத்தரியை எடுத்துத் தையலைப் பிரித்தார். எட்டு ஈயக்குண்டுகள், வலை தண்ணீரில் அமிழ்வதற்குக் கட்டுபவை, மேஜையில் உருண்டன.

"ஏண்ணே, பாப்பாவை எடை போடக் கொண்டாந்தீகளா, நண்டு வலைக்கு அடியில கட்டக் கொண்டாந்தீகளா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது டீச்சர்!" வீரமணி ஒரு குண்டை எடுத்துப் பார்த்தான். ஆனால் ஈயம் அவன் வலையுடையதுதான். அவனே உருக்கி வார்த்த குண்டு அவனுக்குத் தெரியாதா?

"அப்ப பாப்பாவா ஊசி நூல் எடுத்துத் தைச்சுச்சு?"

கவுனைக் கழற்றி மறுபடி எடை போட்டார். ஏழு கிலோ அறுநூறு. "போன மாசத்துக்கு முந்நூறு ஏறியிருக்கு. நல்லாத்தான் ஏறியிருக்கு. இந்தத் திருட்டு வேலை எதுக்குண்ணே?" என்று உள்ளதை உள்ளபடி அட்டையில் எழுதினார்.

வீரமணி மாமனாரைப் பார்க்கத் துணியவில்லை. எடை போனது போக, இப்போது திருட்டுப் பட்டமும் சேர்ந்துகொண்டது. பாப்பாவை வாரி எடுத்து, தன் துண்டால் போர்த்தி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அவள் அவன் சட்டைப் பித்தானைச் சப்பத் தொடங்கினாள்.

இருளாண்டி எழுந்தார். காலிப் பையை நாலாக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, போனில் மனைவியைக் கூப்பிட்டார்.

"எட்டு கிலோ. எங் கண்ணால பாத்தேன்... ஆமா... நான் மட்டுந்தான் வாரேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டவர், வாயைப் பிளந்துகொண்டு நின்ற மருமகன் பக்கம் அதே உம்மென்ற மூஞ்சியோடு திரும்பினார்.

"உன் வலையில எட்டுக் குண்டை அறுத்துட்டேன் மாப்ள, கடலுக்குப் போறதுக்குள்ள கட்டிக்க."